அக்கா பழசாக்கிய ஐந்து தட்டுகள்

போன மாதம் மகளிர் குழுக் கூடத்தில் நடந்த பயிற்சியில் நான் ஏன் பாதியில் எழுந்து போனேன் என்று நீங்கள் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டீர்கள். தலைச்சுற்றல் என்று சொன்னேன். நம் வயதில் தலைச்சுற்றல் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆனால் அது பொய். சென்னையிலிருந்து வந்திருந்த பெண் ஓர் எவர்சில்வர் ஆரத்தித் தட்டுக்குக் கறுப்பு பூசி, அது முழுதாகக் காய்வதற்குள் பஞ்சில் பொன்னிறத்தைத் தொட்டுத் தொட்டு ஒற்றி, நூறு வருஷத்துச் சாமான் மாதிரி ஆகிவிட்டது பாருங்கள் என்று தூக்கிக் காட்டினாள். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். எனக்கு அந்த டர்பன்டைன் வாசனையில் உட்கார முடியவில்லை. அவ்வளவுதான்.

அந்தப் பெண் கறுப்பு எவ்வளவு காய வேண்டும் என்று சரியாகச் சொல்லித் தரவில்லை. விரலை வைத்தால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது. எனக்கு அது பத்து வயதிலிருந்து தெரியும்.

என் அக்காவைப் புருஷன் தள்ளி வைத்துவிட்டான் என்றுதான் லைட்ஹவுஸ் குப்பத்தில் இத்தனை வருஷமாகப் பேச்சு. நீங்களும் அப்படித்தான் பேசியிருக்கிறீர்கள், என் எதிரிலேயே. நான் மறுத்ததில்லை. நடந்தது வேறு. அதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

பாலம் வருவதற்கு முந்தைய காலம் அது. பழவேற்காட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஏரியைப் படகில்தான் தாண்ட வேண்டும். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. காலையில் இறால் கூடைக்காரிகளோடு படகேறிப் போவாள், பொழுது சாய்வதற்குள் திரும்பி வருவாள். பழவேற்காட்டில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து மெட்ராஸ்காரர் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். வார்ப்பிரும்பில் அச்சு வார்த்த தட்டு, தாம்பாளம், பழக்கிண்ணம் எல்லாம் வைக்கோலில் சுற்றி லாரியில் வந்து இறங்கும். அவற்றுக்கு வெண்கலம் போலவோ செம்பு போலவோ நாள்பட்ட நிறம் ஏற்றி அனுப்புவார்கள். பங்களாச் சுவரில் மாட்டவும் மேஜையில் அழகுக்கு வைக்கவும் போகிற சாமான். சாப்பிடுவதற்கு அல்ல என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அக்கா என்னையும் கூட்டிப் போவாள். முதலில் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பிறகு செங்காவி நிறத்தில் ஒரு பூச்சு, அதன் மேல் கறுப்பு. கறுப்பு பாதி காய்ந்த பதத்தில், வார்னிஷில் குழைத்த வெண்கலப் பொடியைப் பழைய பனியன் துணிப் பந்தில் தொட்டு, மேடாக இருக்கும் இடங்களில் மட்டும் ஒற்றுவார்கள். பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்க வேண்டும். மயில்துத்தம் மாதிரி நீலப்பச்சை நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து விளிம்பு மடிப்பில் விட்டு உடனே துடைத்தால், களிம்பு ஏறியது போல அங்கங்கே தங்கி நிற்கும். கடைசியில் பழைய பல் பிரஷ்ஷைக் கறுப்பில் நனைத்துக் கட்டைவிரலால் சுண்டினால் பொடிப் பொடியாகப் புள்ளி விழும். மெழுகு தேய்த்தால் வேலை முடிந்தது.

இதை அங்கே இருந்த எட்டுப் பெண்களும் செய்தார்கள். ஆனால் அக்கா செய்தது வேறு மாதிரி இருக்கும். அவள் உண்மையான பழசைப் போய்ப் பார்ப்பாள். கலங்கரை விளக்கத்துக் கதவின் கீலில் பச்சை எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, கோயில் மணியில் கை படாத இடம் எப்படிக் கறுத்திருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்ப்பாள். எல்லா இடமும் ஒரே மாதிரி பழசாகாது என்று சொல்வாள். ஒரு பொருளை யார் எப்படித் தொட்டார்களோ அப்படித்தான் அது தேயும் என்பாள். பட்டறைக்காரர் அவள் செய்த தட்டுகளைத் தனிப் பெட்டியில் வைப்பார்.

இந்தச் சமயத்தில்தான் பொன்னேரியிலிருந்து சம்பந்தம் வந்தது. எங்கள் சனம்தான். ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்பே கடலை விட்டுப் போனவர்கள். மாப்பிள்ளை மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்தார். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான்.

நைனாவும் அம்மாவும் பெரியம்மாவும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். தளம் போட்ட வீடு. கூடத்து அலமாரியில் பித்தளையும் வெண்கலமும் வரிசையாக அடுக்கியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பழைய பாத்திரம் என்றால் உயிர். சில பேருக்குப் பூ மேல் இருக்கிற ஆசை மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்து, இது என் சித்தி கொடுத்தது, இது நான் பிறந்தபோது வாங்கியது என்று அம்மாவிடம் காட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பேச்சோடு பேச்சாக, உங்கள் பக்கம் பழைய சாமான் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

நைனா கடலில் எதற்கும் பயப்படாதவர். அந்தக் கூடத்தில் மொசைக் தரையில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டென்று சொன்னார்:

"இர்க்குதும்மா. எங்கம்மா வச்சிக்கினு இருந்த வெண்கலத் தட்டு, அஞ்சு. பொண்ணுக்குத்தான் குடுக்கணும்னு வச்சிக்கீறோம்."

அம்மா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நைனாவின் அம்மா மண் சட்டியிலும் அலுமினியத் தட்டிலும் சாப்பிட்டுப் போய்ச் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் வெண்கலம் என்று ஒரு கரண்டி கூட இருந்ததில்லை.

அந்த அம்மாள் சும்மா கேட்டார். ஆசையில் கேட்டார். நைனாவின் காதில் அது சீர் கேட்பதாக விழுந்துவிட்டது.  வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, நீ பட்டறையில் பண்ணுவது போல ஐந்து தட்டு பண்ணிவிடு என்றார்.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"வேணாம் நைனா. புயல்ல போய்ட்ச்சுன்னு சொல்லிடலாம். யாரு இன்னா கேக்கப் போறாங்க?"

சொன்ன வார்த்தை சொன்னதுதான் என்றார் நைனா. புயலில் போய்விட்டது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும். நம் கரையில் எத்தனை வீட்டில் எத்தனை சாமானைப் புயல் கொண்டு போயிருக்கிறது. பொன்னேரியில் யாரும் அதை நம்பாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

விளிம்பு உடைந்ததென்று ஒதுக்கிய ஐந்து தட்டுகளைப் பட்டறைக்காரர் கல்யாணத்துக்கு வைத்துக்கொள் என்று கொடுத்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. இரும்பு என்பதால் கனம் இருந்தது. சித்திரை மாதம் முழுக்க, வீட்டுக்குப் பின்னால் வலை காயப்போடும் பந்தலின் நிழலில் உட்கார்ந்து அக்கா அவற்றைச் செய்தாள். உப்புக் காற்றில் கறுப்பு பதம் பிடிக்க நேரம் எடுக்கும். மணல் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். மறுபடி தேய்ப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய சேலையை விசிறி மணலை விரட்டுவேன்.

செய்ய வேண்டும் என்று ஆன பிறகு அவளுக்கு அரைகுறையாகச் செய்ய வரவில்லை. ஒருநாள் மத்தியானம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நைனாவிடம், உங்கம்மா தட்டை எந்தக் கையால் பிடிப்பாங்க என்று கேட்டாள். நைனா ஊசியை நிறுத்திவிட்டு யோசித்தார். இடது கைப் பழக்கம் என்றார். பழைய சோற்றைத் தட்டோடு தூக்கிக் குடிப்பார், மிச்ச நீராகாரத்தை நாய்க்கு ஊற்றுவார் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு போனார். தன் அம்மாவைப் பற்றி அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்கா ஒவ்வொரு தட்டிலும் இடது கட்டைவிரல் படுகிற இடத்தில் கறுப்பை அதிகமாகத் துடைத்து, பொன்னிறத்தை மினுங்க விட்டாள். அடியில் தரையில் தேய்ந்த வட்டம் போட்டாள். ஒரு தட்டில் மட்டும் பக்கவாட்டில் சின்ன நெளிவு மாதிரி நிழல் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, கீழே விழுந்திருக்கும் இல்லையா என்றாள்.

வேலை முடிந்த அன்று நைனா ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலை அந்த மினுக்கின் மேல் வைத்துப் பார்த்தார். எங்கம்மா தட்டுதான் இது என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஐந்து தட்டிலும் பழமும் மஞ்சளும் பூவும் நிரப்பி எங்கள் சனத்துப் பெண்கள் தூக்கிப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா முதல் தட்டை வாங்கி, பழத்தை எடுத்துவிட்டு, ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அவர் விரல் நேராக அந்த மினுக்கில் போய் நின்றது. இங்கேதான் பிடித்திருப்பார்கள், இடது கைக்காரம்மா போல இருக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலை குனிந்து மாலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேலையைப் பாராட்டினார்கள் என்று அக்காவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். காலாண்டு லீவில் பத்து நாள் பொன்னேரியில் போய் இருந்தேன். மாமா அதிகம் பேச மாட்டார். கடையிலிருந்து வந்தால் அவர் கையிலும் வார்னிஷ் வாசனை இருக்கும். மோட்டார்க் கம்பிக்குப் பூசுகிற வார்னிஷ். அக்கா அதை முகர்ந்து பார்த்து, நம்ம ரெண்டு பேரும் ஒரே வாசனை என்று சொல்வாள். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மாமியார் தலை வாரிவிடுவார்.

தட்டுகள் கூடத்து அலமாரியில் மேல் அடுக்கில் இருந்தன. ஒருநாள் மாமியார் கோயிலுக்குப் போன சமயம், மாமா முக்காலியைப் பிடித்துக்கொள்ள, அக்கா மேலே ஏறி நின்று ஒரு தட்டின் ஓரத்தில் குட்டி பிரஷ்ஷால் எதையோ ஒற்றிக்கொண்டிருந்தாள். துரு எட்டிப் பார்த்த இடம் அது. இந்தப் பக்கம் இன்னொரு புள்ளி என்று மாமா காட்டினார். அக்கா குனிந்து அவர் மூக்கில் பொன்னிறத்தை வைத்தாள். இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தை மாதம் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அக்கா பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் இங்கே இருந்த வாரத்தில் அங்கே தெரு அம்மன் கோயிலில் திருவிழா. அம்மனுக்குச் சீர் எடுக்க மருமகள் கொண்டு வந்த வெண்கலத் தட்டைத் தருகிறேன் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆசையாகத்தான் சொல்லியிருக்கிறார். தெருக்குழாயடியில் நாலு பெண்களை வைத்துக்கொண்டு புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்திருக்கிறார். முதலில் பொன்னிறம் போனது, பிறகு கறுப்பு, பிறகு செங்காவி. அடியில் இரும்பு. குழாயடியில் யாரோ சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அந்த அம்மாள் ஐந்து தட்டுகளையும் போட்ட ஒரு கோணிப்பையோடு படகில் வந்து இறங்கினார். எங்கள் வாசலில் பையை வைத்தார். நைனா அப்போதுதான் கரைக்கு வந்திருந்தார். அவர் உடம்பில் ஈரம் காயவில்லை.

"நான் கேட்டனா? வெண்கலம் வேணும்னு ஒரு வார்த்த கேட்டனா? இல்லன்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ண நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

 அந்த அம்மாள் அழுதார். பிறகு, அவள் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும், என் மனசு ஆறட்டும் என்றார். எனக்கு அந்த வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நாள். மனசு ஆறட்டும். உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா, அவர் காலில் விழ ஓடி வந்தாள். நைனா குறுக்கே கையை நீட்டினார். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமல் படகுக்கு நடந்தார்.

பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள் என்றார் நைனா. அம்மா படுக்கையிலிருந்து எழ முடியாமல், அவங்க அப்படிச் சொல்லலையே என்றாள். அவர் காதில் ஏறவில்லை. குழாயடியில் சிரித்தவர்களின் சிரிப்பைக் கேட்காமலேயே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றே அந்தக் கோணியைக் கட்டுமரத்தில் போட்டு முகத்துவாரத்துக்குக் கொண்டு போய்த் தண்ணீரில் தள்ளிவிட்டு வந்தார். ஊர் வாய் அடங்கட்டும் என்று, ஏரிக்கு வடக்கே இருந்த பெரியம்மா வீட்டுக்கு அக்காவை அனுப்பினார்.

எட்டாம் நாள் மாமா வந்தார்.

மத்தியான வெயில். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் குடையும் இருந்தன. நைனா பந்தலின் கீழ் வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் வலையில் கோக்கும் மிதப்புக் கட்டைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உட்காருங்கள் என்று நைனா சொல்லவில்லை. மாமா மணலிலேயே உட்கார்ந்தார்.

"அவள அனுப்புங்க மாமா. அம்மா கோவம் ஆறிட்ச்சு. நேத்து அவங்களே கேட்டாங்க, எப்ப கூட்டியாறேன்னு."

நைனா ஊசியை ஓட்டிக்கொண்டே இருந்தார். ஏமாற்றுக்காரன் வீட்டுப் பெண் எதற்கு என்றார். அப்போது மாமா, நைனாவின் மனதைத் தேற்றுவதாக நினைத்து, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்.

"நீங்க ஏமாத்தினதா நான் நெனக்கல மாமா. எனக்கு மொதல்லயே தெரியும். கல்யாணம் ஆன மூணாம் நாளே அவ சொல்லிட்டா. அம்மாகிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

நைனாவின் கை நின்றுவிட்டது. அந்த எட்டு மாதமும் பொன்னேரிக்குப் போகும்போதெல்லாம் அவர் அந்தத் தட்டுகளைப் பற்றி மாப்பிள்ளையிடம் பேசியிருக்கிறார். எங்கம்மா இதில்தான் கூழ் குடிப்பாள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். மாமாவும் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்.

"எல்லாம் தெரிஞ்சிக்கினுதான் என் எதிர்ல ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தியா?"

அதுவரை நீங்க, வாங்க என்று பேசியவர். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நைனா எழுந்து நின்றார். அவள் உன் வீட்டுக்கு வர மாட்டாள், அவளே சொல்லிவிட்டாள், எழுந்து போ என்றார். அக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று கூட நைனா மாமாவிடம் சொல்லவில்லை.

மாமா போய்விட்டார். குடையை மறந்துவிட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினேன். படகுக்காகக் காத்து நின்றவர் குனிந்து என் தோளைப் பிடித்தார்.

"அக்காகிட்ட சொல்லும்மா. வெள்ளிக்கெழம காலைல பொன்னேரி ஸ்டேஷன்ல நிப்பேன். அவ வந்தா போதும், வேற ஒண்ணும் எடுத்தாற வேணாம்னு சொல்லு. சொல்லுவியா?"

சொல்வேன் என்று தலையாட்டினேன். அவர் குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு படகில் ஏறினார்.

திரும்பி வந்ததும், அவன் என்ன சொன்னான் என்று நைனா கேட்டார். பத்து வயது. நைனாவிடம் எதையும் மறைத்ததில்லை. சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கட்டுமரத்தின் மேல் என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"அவன் வந்தத அக்காகிட்ட சொல்லக் கூடாது. சொன்னீனா, கடலுக்குப் போற நைனா திரும்பி வர மாட்டேன்."

நம் பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னால் அது எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். நம்மில் எத்தனை பேருடைய அப்பா திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே மாமா ஸ்டேஷனில் நிற்பதை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று கடலில் வாடைக்காற்று மோசமாக இருந்தது. நைனா நேரம் கழித்துத் திரும்பினார். அவர் கரையேறியதைப் பார்த்ததும் நான்தான் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அவர் கட்டுமரம் கண்ணில் படுகிற வரை கரையில் நிற்பேன். கண்ணில் பட்டதும், இன்றைக்கும் நான் சொல்லவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒரு மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். வந்த அன்று சாயங்காலம் எனக்குப் பேன் பார்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"மாமா வந்தாரா?"

"வர்ல" என்றேன்.

அவள் என் தலையைத் தொடர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு வகிடாகப் பிரித்து முடித்துப் பின்னிவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு தடவை கூட என்னிடம் கேட்டதில்லை.

அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. காமாலை தெளிந்தும் அவள் பழையபடி ஆகவில்லை. நாலு வருஷத்தில் போய்விட்டாள். பெண்ணுக்கு வர இஷ்டமில்லை என்று நைனா ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறார். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசி உறவைத் தீர்த்துவிட்டார்கள். மாமியார் கோணியோடு வந்து போனதைப் பார்த்தவர்கள் தள்ளி வைத்துவிட்டார்கள் என்றே பேசினார்கள், நைனா அதை மறுக்கவில்லை. மாமா மூன்று வருஷம் கழித்து வேறு கல்யாணம் செய்துகொண்டார். அந்தச் செய்தி வந்த அன்று அக்கா பட்டறைக்குப் போனாள், வந்தாள், சாப்பிடாமல் படுத்தாள். மறுநாளும் பட்டறைக்குப் போனாள். பட்டறை மூடுகிற வரை மற்றவர்களின் வீட்டுக்கு வெண்கலத் தட்டு செய்துகொண்டே இருந்தாள். அப்புறம் இறால் உரித்தாள், சத்துணவுக் கூடத்தில் சமைத்தாள். நைனா கை கால் விழுந்து படுத்தபோது அவள்தான் பார்த்தாள். ஆறு வருஷம். அவருக்கு ஊட்டிவிடுவாள், மலம் அள்ளுவாள். கடைசி நாட்களில் ஒரு தடவை அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பையன் என்று ஆரம்பித்தார். வாய் குழறி அதற்கு மேல் வரவில்லை. அக்கா அவர் யாரைச் சொல்கிறார் என்று தெரியாமல், தூங்கு நைனா என்றாள். நான் காலடியில் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நைனா கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மகளை ஒரு அவமானத்திலிருந்து காப்பாற்றியதாகவே அவர் நம்பினார். சத்தியம் அவரோடு போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், என் பிள்ளைகளை அக்கா தன் மடியில் போட்டு வளர்த்தாள். தள்ளி வைத்தவனைத் திட்டி நீங்கள் பேசும்போதெல்லாம் அவள் தலை குனிந்துகொள்வாள். சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம்தான். வேறொன்றும் இல்லை.

போன ஆடியில், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிற பொன்னேரிப் பையன் ஒருவன் கருவாடு வாங்க வந்தவன், பேச்சுவாக்கில் மாமா இறந்துபோனதைச் சொன்னான். நெஞ்சுவலி. அக்கா கையில் இருந்த வாளைக் கருவாட்டைத் தட்டிக் கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். குடத்துத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டாள். உங்களில் இரண்டு பேர் அதைப் பார்த்தீர்கள். தள்ளி வைத்தவனுக்கு எதற்குத் தலை முழுகுகிறாள் என்று ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது.

அன்று மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். ஈரத் தலையோடு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாம் நாள் வந்தது, பழம் கொண்டு வந்தது, மணலில் உட்கார்ந்தது, மாமியாரே கேட்டது, வெள்ளிக்கிழமை, ஸ்டேஷன். நீ கேட்டபோது வரவில்லை என்று சொன்னது. எல்லாம்.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அரிசியை உலையில் போட்டாள். வடித்தாள். எனக்கும் ஒரு தட்டில் போட்டு மீன் குழம்பை ஊற்றினாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். இல்லை, நான் சாப்பிட்டேன். அவள் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் எழுந்து கை கழுவும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"அன்னிக்கு அவுரு இன்னா சட்ட போட்டுக்கினு இருந்தாரு?"

எனக்கு வாழைப்பழம் ஞாபகம் இருந்தது. குடை ஞாபகம் இருந்தது. அவர் என் தோளைப் பிடித்த பிடி ஞாபகம் இருந்தது. சட்டை ஞாபகத்துக்கு வரவே இல்லை. எவ்வளவு முயன்றாலும் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட ஒன்றே ஒன்று அதுதான். அதுவும் தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நீலம்" என்றேன்.

அக்கா பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"அப்டின்னா தலை தீபாவளிக்கு எடுத்தது" என்றாள். "அத அவுரு வேற எங்கயும் போட்டுக்கினு போவ மாட்டாரு."